வராத டேபிள்

இரவு பத்து மணி தாண்டியிருந்தது. ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற புறவழிச் சாலை. பகலெல்லாம் லாரியாகப் போகும், ராத்திரியில் ஈ காக்கை இருக்காது. ஒரு பக்கம் பாதி கட்டி அப்படியே விட்டுவிட்ட வீடுகள். இன்னொரு பக்கம் புதர் மண்டிய பள்ளம். கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன... ஒன்றில்கூட விளக்கு எரியாது. அந்தச் சாலையின் இந்த முனையில் பழைய ஆஸ்பத்திரி. அந்த முனையில் புது ஆஸ்பத்திரி.

அன்றைக்கு அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஒரே ஒரு கார் போனது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்ல முடியாது, உள் அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். இது யாரோ எங்கேயோ கேட்டுச் சொன்னதில்லை. நம் சிநேகிதனின் அண்ணிக்கு நடந்தது. அவளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கல்யாண வீட்டில் ஒரு மூலையில் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினாளே... அவள்தான். அப்போதெல்லாம் அவளுக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். படுத்தால் மட்டும் வராது.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. டாக்டர்கள், நர்ஸுகள் தட்டுகிற விவரமெல்லாம் போய்ச் சேருகிற இடத்தைக் காவல் காக்கிற வேலை. அந்த இடத்துக்குள் எல்லாம் டேபிள் டேபிளாக இருக்கும். சாப்பாட்டு மேசையைச் சொல்லவில்லை, சிரிக்காதீர்கள். கட்டம் போட்ட அட்டவணை. நோயாளிகளுக்கு ஒரு டேபிள், படுக்கைகளுக்கு ஒன்று, மருந்துகளுக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று. ஒன்றோடு ஒன்று எண்ணால் முடிச்சுப் போட்டிருக்கும். ஒன்றை உருவினால் இன்னொன்று தள்ளாடும். அப்படி இருநூற்றுச் சொச்சம்.

பழைய ஆஸ்பத்திரியை மூடிவிட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போகிறார்கள். வார்டுகளை அந்த வாரமே மாற்றியாயிற்று. கடைசியாக மிச்சம் இருந்தது இந்த டேபிள்கள்தான். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கம்பி வழியாகப் புது மெஷினுக்கு அனுப்ப வேண்டும். விடிந்தால் புதுக் கட்டடத்தில் அவசரப் பிரிவு திறக்கிறது. மேலதிகாரி ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

“ஒரு ராத்திரி வேலைதானே? நாளைக்கு நல்லாத் தூங்கிக்குங்க.”

இப்படித்தான் அவர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளை மட்டும் வரவேயில்லை. ஒன்றாம் வகுப்புப் போகிற மகளை அண்ணி முழித்த கண்ணோடு பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. அவள் கிளம்பும்போது குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும், திரும்பும்போது தூங்கியிருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் ஃபோன் பண்ணி, “இன்னிக்காவது வருவியா, இல்ல சாப்பாட்டை எடுத்து உள்ள வெச்சிடட்டுமா?” என்று மட்டும் கேட்டார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டு ஓய்ந்துபோன குரல்.

அவளோடு வேலை பார்த்தவன் ஒருத்தன். அவளைவிடச் சின்னவன். அவனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் கொட்டாவி. பேச்சுக்கு நடுவில், நடைக்கு நடுவில், மேலதிகாரி திட்டுகிறபோதுகூட, தாடை கழன்று விழுகிற மாதிரி கொட்டாவி விடுவான். பார்க்கிறவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். நல்ல பையன். அண்ணியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அண்ணி பழைய கட்டடத்தில் இருந்து ஒவ்வொரு டேபிளாக அனுப்புவது, அவன் புதுக் கட்டடத்துக்குப் போய் வந்ததா வந்ததா என்று சரி பார்ப்பது. இதுதான் ஏற்பாடு. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் கார்ச் சாவியை எடுத்தான். எடுக்கும்போதே ஒரு கொட்டாவி.

“தம்பி, மூஞ்சியக் கழுவிட்டுப் போ. தூக்கத்தோட ஓட்டாத.”

“தூங்கிட்டே ஓட்டுவேன்கா. அந்த ரோடு எனக்கு மனப்பாடம்.”

“ஜோக்கா? போனதும் ஃபோன் பண்ணு.”

“பண்றேன். இதை முடிச்சுட்டு நேரா வீட்டுக்குப் போய் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கப் போறேன். யாரு எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டே போனான்.

அண்ணி மெஷின் அறைக்குள் போனாள். கட்டடம் முழுக்கக் காலி. வார்டு வழியாக நடக்கும்போது தரையில் கட்டில் கால்கள் நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாக வெளுத்துத் தெரிந்தது. ஃபினாயில் வாசனை இன்னும் போகவில்லை. எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் அறையில் ஏசி ஒரே சீராக உறுமியது, சூடேறின தூசியின் வாசம். ஜன்னல் கிடையாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் வேலை, உள்ளே இருக்கிற டேபிள்களின் பெயரையெல்லாம் கேட்பது. ஒரே ஒரு வரி தட்டினால் போதும். திரையில் பெயர்கள் மேலிருந்து கீழே கடகடவென்று ஓடும். ஓடின. நோயாளி, படுக்கை, வார்டு, மருந்து... நடுவில் குப்பைகளும். வேலை பார்த்தவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு வைத்த பெயர்கள். ‘டெஸ்ட்’ என்று ஒன்று, ‘புது டெஸ்ட்’ என்று ஒன்று, ‘கடைசி டெஸ்ட்’ என்று ஒன்று, அதற்கு அப்புறம் ‘நிஜமாகவே கடைசி’ என்று ஒன்று. ‘தற்காலிகம்’ என்கிற பெயரில் ஒன்று அண்ணி வேலைக்குச் சேருவதற்கு முன்னாலிருந்தே இருந்தது. ‘தொடாதே’ என்று ஒன்று. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் தொட்டதில்லை.

அவன் ஃபோனுக்காகக் காத்திருந்தாள்.

காலியான சாலையில் போக எவ்வளவு நேரம் ஆகும்? பதினோரு மணி ஆயிற்று. இல்லை. அவள் பண்ணினாள், மணி அடித்து அடித்து நின்றது. பயல் வண்டியை ஓரம் கட்டித் தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். எரிச்சலாக வந்தது. அப்புறம் அவளும் மேசையில் தலையைச் சாய்த்தாள்.

மேசை ஃபோன் அடித்தது.

திடுக்கிட்டு எழுந்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“அக்கா...”

“எங்க போயிட்ட? எவ்வளவு நேரமா அடிக்கிறேன்!”

“வழியில கொஞ்சம் நேரமாயிடுச்சுக்கா.”

குரல் கொஞ்சம் எட்டத்திலிருந்து வந்தது. புது அறை, காலி அறை, எதிரொலிக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்... ஒரே சீராக.

“சரி, ஆரம்பிக்கலாமா? நோயாளி.”

“வந்துடுச்சுக்கா.”

“படுக்கை.”

“வந்துடுச்சுக்கா.”

“மருந்து.”

“வந்துடுச்சு.”

இப்படியே போனது. அவள் ஒரு பெயரைச் சொல்வாள், அனுப்புவாள், அவன் வந்ததென்பான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்தச் சத்தம்... டிக்... டிக்... பெரிய டேபிள்களுக்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் வழக்கமாக அவன் மேலதிகாரி மாதிரி பேசிக் காட்டுவான், யாரையாவது வம்புக்கு இழுப்பான். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ‘தற்காலிகம்’ வந்தபோது அண்ணியே சொன்னாள்.

“இது நம்மளவிட சீனியர் தம்பி. மரியாதையா வாங்கி வை.”

அவன் சிரிக்கவில்லை.

“வந்துடுச்சுக்கா.”

ரத்தப் பரிசோதனை டேபிளை அனுப்பியபோது மட்டும், “இது முழுசா வரல. பாதியில நின்னுடுச்சு. மறுபடி அனுப்புங்க” என்றான். பார்த்தால் அப்படித்தான் நின்றிருந்தது. மறுபடி அனுப்பினாள். வேலையில் அவன் என்றைக்கும் கெட்டி.

பாதி ராத்திரிக்கு மேல் அவளுக்குக் கண் எரிந்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. தண்ணீர் குடித்தாள். அந்த டிக் டிக் மண்டைக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருந்தது.

“என்ன தம்பி அது, ஏதோ அடிச்சுக்கிட்டே இருக்கு? கடிகாரமா?”

டிக்... டிக்...

“இல்லக்கா. இதை நிறுத்தணும்னுதான் பாக்கறேன்... கை எட்டல.”

“எழுந்து போய் நிறுத்தேன்.”

“எழுந்திருக்க முடியலக்கா.”

களைப்பு. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே பெரிய மலையேறுகிற மாதிரி. அதனால் அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். இப்போது சொல்லும்போது அந்த இடத்தில் மட்டும் அண்ணி நிறுத்திவிடுவாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே சொல்வாள்.

“குளிருதா அங்க?” என்று ஒரு தரம் கேட்டாள்.

“ரொம்பக் குளிருதுக்கா. சீக்கிரம் முடிங்க. இது முடிஞ்சாத்தான் வீட்டுக்குப் போக முடியும்.”

கடைசிப் பெயர் வந்தது. ‘ஜன்னல்’ என்றோ ‘ஜாபிதா’ என்றோ ஏதோ ஒன்று, அண்ணிக்கு இப்போது நினைவில்லை. அனுப்பினாள். வந்ததென்றான். பட்டியலின் அடியில் ஒன்றும் இல்லை. வெறும் கோடு மினுக்மினுக்கென்றது.

“அவ்வளவுதான் தம்பி. முடிஞ்சுது.” சோம்பல் முறித்தாள். “கிளம்பு.”

டிக்... டிக்... டிக்...

“இல்லக்கா. ஒண்ணு வரல.”

“எல்லாம் அனுப்பிட்டேனே.”

“ஒண்ணு வரல.”

“எது? பேரைச் சொல்லு.”

“பேரு தெரியலக்கா. ஆனா ஒண்ணு வரல. மறுபடி கேட்டுப் பாருங்க.”

மறுபடியும் அந்த ஒரு வரியைத் தட்டினாள். மறுபடியும் பெயர்கள் கடகடவென்று ஓடின. அதே பெயர்கள். ஒன்றுகூட விடவில்லை. தலை சுற்றியது அவளுக்கு. வீட்டில் குழந்தை புரண்டு படுக்கும் நேரம். இவன் வேறு.

“எல்லாம் இதே பட்டியல்தான். வா, காலையில பாத்துக்கலாம்.”

“காலையில வேண்டாம்க்கா. இப்பவே பாருங்க.”

“என் உசிரை வாங்காத தம்பி!”

சொன்னாளோ இல்லையோ... அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. அந்த டிக் டிக்கும்கூட. அறையில் ஏசி உறுமுவது மட்டும் கேட்டது. அப்புறம், மெதுவாக, ரொம்பப் பக்கத்தில் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி...

“அப்படிச் சொல்லாதீங்கக்கா.”

மறுபடியும் டிக்... டிக்...

அவளுக்கு என்னவோ போல் ஆயிற்று. “சரிடா, கோவிச்சுக்காத. ஏதோ களைப்புல சொல்லிட்டேன்” என்றாள். அப்போதுதான் வாசனை வந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் பச்சைப் புல்லை நசுக்கின வாசனை. கூடவே பெட்ரோல். கதவைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

“அக்கா, நீங்க கேட்கறது நீங்க நுழைஞ்ச பேர்ல இருக்கிற டேபிளை மட்டும்தானே காட்டும்? எல்லார் பேர்லயும் இருக்கறதைக் கேளுங்க. போனவங்க பேர்லயும்.”

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத விஷயமா அது? அந்த மெஷினில் யார் பெயரில் உள்ளே நுழைகிறோமோ, அவர் பெயரில் இருக்கிற டேபிள்களைத்தான் அந்தச் சின்ன வரி காட்டும். அண்ணி நுழைந்தது ஆபீஸுக்குப் பொதுவான பெயரில். வேறு யார் பெயரிலாவது ஏதாவது இருந்தால், அது இருக்கிற சுவடே தெரியாது. எல்லோருடையதையும் பார்க்க வேறு வரி இருக்கிறது, கொஞ்சம் பெரியது. ஆறு மாதமாகச் சின்ன வரியையே தட்டித் தட்டிக் கை பழகிவிட்டது. ஒத்திகை பார்த்ததும் அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

பெரிய வரியைத் தட்டினாள்.

திரை நிற்கவே இல்லை. மெஷின் தனக்கென்று வைத்திருக்கிற டேபிள்கள் பக்கம் பக்கமாகப் போயின. அதற்குக் கீழே அவள் நுழைந்த பெயரில் உள்ளவை. அதற்கும் கீழே... ஒரு பழைய ஊழியரின் பெயர். எப்போதோ வேலையை விட்டுப் போனவர். அவர் பெயரில் ஒரே ஒரு டேபிள்.

ஒவ்வாமை.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த ஊசி போட்டால் மூச்சு நின்றுவிடும்... அது. அந்த மனிதர் சோதனைக்காகத் தன் பெயரில் செய்து பார்த்திருக்கிறார், அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. அவசரப் பிரிவு டாக்டர்களின் திரை இத்தனை வருஷமும் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தாள். ஆயிரக்கணக்கில் வரிகள். விடிந்தால் புது மெஷினில் இது இருக்காது. டாக்டர் ஒரு பெயரைத் தட்டினால் ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று திரை சாதாரணமாகச் சொல்லும். டாக்டர் நம்பி ஊசியை எடுப்பார்.

அனுப்பினாள். வரி வரியாகப் போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துடுச்சா தம்பி?”

டிக்... டிக்...

“தம்பி?”

“வந்துடுச்சுக்கா.” பெரிய மூச்சு ஒன்று. சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மாதிரி. “இப்ப எல்லாம் வந்துடுச்சு. நான் வீட்டுக்குப் போறேன்.”

“நல்லவேளை சொன்ன. எத்தனை பேரை நீ காப்பாத்தியிருக்கன்னு தெரியுமா உனக்கு? பாத்துப் போ.”

லைன் அறுந்தது.

அண்ணி எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பையை எடுத்தாள். படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. ராத்திரி பூரா பேசினானே... ஒரு கொட்டாவிகூட விடவில்லையே.

வாசலில் காவலாளி நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து கிளப்பினாள். இன்னும் விடியவில்லை. விடியப் போகிறது என்பதற்கு அடையாளமும் இல்லை. கொஞ்ச தூரத்தில் அந்தப் புறவழிச் சாலை. அவள் வீட்டுக்கும் அதே வழிதான்.

காற்று முகத்தில் அடித்தும் கண் மூடிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாய்க்கு வந்ததைச் சத்தமாகப் பாடினாள். இரண்டு தரம் வண்டி நடுச்சாலைக்கு ஏறி, திடுக்கிட்டு ஒடித்தாள். முன்னால் இருட்டு, பின்னால் இருட்டு. ஸ்கூட்டர் வெளிச்சம் எட்டுகிற வரைக்கும்தான் உலகம்.

அப்புறம் முன்னால் ஒரு விளக்கு தெரிந்தது.

ஆரஞ்சு விளக்கு. மினுங்கும், அணையும். மினுங்கும், அணையும். ஒரு கார், ஓரத்தில் திரும்பப் போகிற மாதிரி இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நம்ம தம்பி கார் மாதிரி இருக்கே என்று நினைத்தாள். அந்த முனையிலிருந்து வர வேண்டியவன் எப்படி எனக்கு முன்னால் போகிறான் என்று தோன்றவில்லை. தோன்றுகிற நிலையில் மூளை இல்லை. துணைக்கு ஒரு வண்டி கிடைத்ததே, இந்த விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்... அவ்வளவுதான்.

அவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகப் போயிற்று. அவள் பின்தங்கினால் நின்றது. காத்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சல், அதையும் மீறி, காதுக்குள்ளேயே, டிக்... டிக்... டிக்... தாலாட்டுகிற மாதிரி இருந்தது என்று அண்ணி சொல்வாள். அம்மா முதுகில் தட்டிக் கொடுப்பாளே, அந்தத் தாளம். இமை தானாக இறங்கியது. கார் ஓரமாகத் திரும்பியது. அவளும் திரும்பினாள்...

விளக்கு அணைந்தது.

மறுபடி எரியவில்லை. யாரோ பேச்சுக்கு நடுவில் மனசு மாறி நிறுத்திக்கொண்ட மாதிரி, பட்டென்று.

அண்ணிக்குக் கண் திறந்தது. ஸ்கூட்டர் வெளிச்சத்தில் சாலை இல்லை. புல். புல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பிரேக்கை இரண்டு கையாலும் நெரித்தாள். முன் சக்கரம் சரளைக் கல்லில் வழுக்கியது, வண்டி சாய்ந்து விழுந்தது, முழங்கால் தேய்ந்தது. பள்ளத்தின் விளிம்பில் கிடந்தாள். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

கார் எங்கும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து... கீழேயிருந்து கேட்டது.

டிக்... டிக்...

எட்டிப் பார்த்தாள். ரொம்ப ஆழத்தில், புதருக்குள், ஒரு ஆரஞ்சு வெளிச்சம். மங்கலாக. மினுங்கி... அணைந்து... மினுங்கி. நசுங்கின புல் வாசனை மேலே ஏறி வந்தது. பெட்ரோல் வாசனை வந்தது.

“தம்பி!” என்று கத்தினாள். “தம்பி, நான் வந்துட்டேன்டா!”

செல்ஃபோனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு, வேரைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து பாதி தூரம் இறங்கினாள். அதற்கு மேல் இறங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கார் மூக்குக் குத்திக் கிடந்தது. கண்ணாடி இல்லை. அவன் இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் மாட்டியிருந்தான். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. இண்டிகேட்டர் குச்சியை நோக்கி. ஒரு விரற்கடை குறைச்சல்.

போலீஸும் ஆம்புலன்ஸும் வந்தபோது அவள் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்திருந்தாள். உடம்பு விறைத்து வெகு நேரம் ஆகிவிட்டது என்றார்கள். போன கொஞ்ச நேரத்திலேயே நடந்திருக்கும், பத்தரை மணிக்கு மேல் உயிர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்றார் டாக்டர். புதுக் கட்டடத்தின் மெஷின் அறைச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. ஒரே சாவிதான். அங்கே இருந்த காவலாளி, ராத்திரி யாரும் வரவில்லை, கதவு திறக்கவே இல்லை என்றார்.

அண்ணி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என்னவென்று சொல்லுவாள்?

அவசரப் பிரிவு சொன்ன நேரத்துக்குத் திறந்தது. அந்த வாரமே நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயரைத் தட்டியதும் திரை சிவப்பாக எரிந்தது. டாக்டர் கையில் எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறு எடுத்தார். அந்தப் பெண் நடந்து வீட்டுக்குப் போனாள். மேலதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு, வேலை கச்சிதம் என்று பாராட்டினார். அவன் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொன்னார். அண்ணியால் நிற்க முடியவில்லை. களைப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவன் வீட்டுக்குப் போக அவளுக்குத் தைரியம் வரப் பல நாள் ஆயிற்று. ஒருநாள் மத்தியானம் போனாள். அவன் மனைவி கதவைத் திறந்தாள். சின்னப் பெண். அழுது முடித்துவிட்ட முகம். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா எனக்குப் புத்தி பிசகிடுச்சும்பாங்க.”

“சொல்லும்மா.”

“அன்னிக்கு ராத்திரி அவரு வீட்டுக்கு வந்தாருக்கா.”

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நான் அரைத் தூக்கத்துல இருக்கேன். கட்டில் அழுந்துச்சு, பக்கத்துல வந்து படுத்தாரு. ஒரே சில்லுன்னு இருந்துச்சு. வேலை முடிஞ்சுதான்னு கேட்டேன், கண்ணையே தொறக்காம. முடிஞ்சுதுன்னாரு. அப்புறம்...”

அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

“அப்புறம், ‘அக்கா பாவம், ரொம்ப அசந்து போச்சு. ரோட்டுல வந்துட்டு இருக்கு. அதையும் எங்கூடக் கூட்டிட்டு வந்துடட்டுமா, நல்லாத் தூங்கும்’னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. தூக்கக் கலக்கத்துல, ‘வேணாங்க, அவங்களுக்குச் சின்னப் புள்ள இருக்கு, வீட்டுக்குப் போகட்டும் விடுங்க’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.”

அண்ணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“அதுக்கு... அதுக்கு என்னம்மா சொன்னான்?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்புறம், ‘சரி... அப்ப அந்தப் புள்ள கொஞ்சம் வளரட்டும்’னாரு.”